சக்கரத்தை அசைத்துப் பாருங்கள்!

(சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, கிளைச் செயலவையினரே, பால்மரம் சீவும் தோழர்களே, தாய்மார்களே, என்னோடு ஆபீசில் பேனா பிடிக்கும் நண்பர்களே!

சம்பளத்தைப் பற்றியும் வீட்டுடைமையைப் பற்றியும் பேச என்னைவிட மூத்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. “பழைய காரின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். “சங்கக் கூட்டத்தில் மோட்டார்ப் பேச்சா?” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், நம் தோட்டத்துக்குள் பஸ் வருகிறதா? பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயாளியைக் கிளினிக்குக்கும், மாதச் சாமானைக் கடையிலிருந்து லயத்துக்கும் கொண்டு வருவது எது? நாம் மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ வாங்கிய பழைய கார்தான். அந்தக் காரின் சக்கரம் கழன்றால், அதில் போவது முதலாளியின் உயிரல்ல, நம் உயிர். ஆகவே இதுவும் சங்கத்தின் காரியம்தான்.

எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் மெக்கானிக் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, செக்ரோல் எழுதப் பழகியவன். எனக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்தது ஒரு விபத்து. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை நேரம்

என்னிடம் இருந்தது 2003-இல் பதிவான ஒரு புரோட்டோன் சாகா. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய கார். அன்று எனக்கு லீவு. பின் ஆசனத்தில் என் பிள்ளைகள் இருவரும் பக்கத்து வீட்டுப் பையனும் பள்ளிக்கு வந்தார்கள். பையனின் தாயும் தகப்பனும் விடியுமுன்பே மரம் சீவப் போய்விட்டார்கள். முன் ஆசனத்தில், நாற்பது வருடம் இந்தத் தோட்டத்தில் பால் எடுத்து ஓய்ந்த ஒரு பெரியம்மா. அவருக்குக் கிளினிக்கில் தேதி.

செம்மண் சாலை முடிந்து தார்ச் சாலையில் ஏறும் முச்சந்தியில் மெதுவாக வலப்பக்கம் திருப்பினேன். ‘தடார்’ என்று ஒரு சத்தம். காரின் முன்பக்கம் சாலையில் முட்டி நின்றது. இறங்கிப் பார்த்தால், இடப்பக்க முன்சக்கரம் முறிந்த கோழிக்கால் போல வெளியே மடங்கிக் கிடக்கிறது. நாங்கள் நடுச்சாலையில் நிற்கிறோம். அப்போதுதான் ஒரு செம்பனைக் குலை லாரி அதே சாலையில் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. நான் கைகால் நடுங்கி நின்றேன். பெரியம்மாதான் சொன்னார்: “என்ன தம்பி பார்த்துக்கிட்டு நிக்கிற? பிள்ளைங்கள மொதல்ல எறக்கு!”

யாருக்கும் காயமில்லை. ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே, இது திடீரென்று வந்த வினை அல்ல. மூன்று வாரமாகப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘கடக், கடக்’ என்று சத்தம் கேட்டது. ஒரு பட்டறையில் காட்டினேன். முன்பக்கத்து அப்சார்பர் இரண்டையும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் போகவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, “பழைய காடி, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அதற்கும் இரண்டு மாதம் முன்பே, டயர் மாற்றும்போது, நம் பால்மரத் தோழர் ஒருவர் சக்கரத்தின் உள்ளே கை காட்டி, “கிராணி ஐயா, இந்த ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் வழியுது, பாருங்க” என்றார். “தீபாவளி கழியட்டும், பார்க்கலாம்” என்றேன். பட்டறைக்காரர் செய்தது கவனக்குறைவு. நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. ஒரு தொழிலாளி கண்ணால் கண்டு சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டேன். அந்தத் தோழர் இன்று இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் முன்னிலையில் அவரிடம் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன்.

அடியில் இருப்பவை யாவை?

காரின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் உறுப்புக் கூட்டத்தைத்தான் சஸ்பென்ஷன் என்கிறோம். சாகாவிலும் வீராவிலும் மைவியிலும் முன்பக்கத்து அமைப்பு ஒரே வகை. மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வகுத்த முறை அது. அதன் உறுப்புகளை எண்ணிச் சொல்கிறேன், விரல் மடக்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, சுருள் வில். காரின் எடையைத் தாங்குவது இதுதான்.

இரண்டாவது, அப்சார்பர். வில் அமுங்கி எழும்போது ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது இது. உள்ளே எண்ணெய் இருக்கிறது; சிறு துளைகளின் வழியே அந்த எண்ணெய் நெருக்கிச் செல்வதால் ஆட்டம் அடங்குகிறது. இதன் தலைப்பக்கத்தில் ஒரு ரப்பர்த் தாங்கி உண்டு.

மூன்றாவது, லோவர் ஆர்ம். கீழே கை போல நீண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பு. அது காரின் சட்டத்தோடு சேரும் இடத்தில் ‘புஷ்’ எனப்படும் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன.

நான்காவது, பால் ஜாயிண்ட். பால் என்றவுடன் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! இது பந்து. நம் இடுப்பு எலும்புக் குழியில் தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்து சுழல்கிறதே, அதே மாதிரி. லோவர் ஆர்மின் நுனியில் சக்கரத்தைப் பிடித்திருப்பது இந்தப் பந்துதான். என் காரில் கழன்றதும் இதுதான்.

ஐந்தாவது, டை ராட் எண்ட். ஸ்டியரிங் திருப்பும் திசைக்குச் சக்கரத்தை இழுப்பது. இதற்குள்ளும் ஒரு சிறு பந்து.

ஆறாவது, ஸ்டெபிலைசர் லிங்க். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு. எல்லாப் பழைய கார்களிலும் இது ஒரே மாதிரி இருக்காது. மோசமான சாலையில் வரும் ‘கடகட’ சத்தத்துக்குப் பல கார்களில் இதுவே காரணம்.

நாம் எடுத்த பால் அங்கே இருக்கிறது

இங்கே ஒரு விஷயத்தை நான் பெருமையோடு சொல்ல வேண்டும். அந்த ரப்பர் புஷ் எதனால் ஆனது தெரியுமா? செயற்கை ரப்பர் எத்தனையோ வகை வந்துவிட்ட இந்நாளிலும், ஓயாமல் அசைந்து அழுந்தி முறுகும் இடத்துக்கு இயற்கை ரப்பரையே பெரிதும் விரும்புகிறார்கள். லட்சக்கணக்கான தடவை இழுபட்டாலும் எளிதில் களைப்படையாத குணம் அதற்கு உண்டு. இரும்போடும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 1839-இல் குட்இயர் என்பவர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். 1876-இல் பிரேசிலிலிருந்து விதை வெளியேறி, 1877-இல் சிங்கப்பூருக்குக் கன்றுகள் வந்தன. அந்த மரத்தின் சந்ததியைத்தான் நம் பாட்டன் பூட்டன் சீவினார்கள். 1965-இல் நம் நாட்டு ரப்பரைத் தரம் பிரித்து விற்கும் எஸ்.எம்.ஆர். முறை வந்தது. அதில் கட்டிப்பாலிலிருந்து வரும் ரகங்கள் பெரும்பாலும் டயருக்குப் போகின்றன. மரத்திலிருந்து இறங்கிய பாலிலிருந்தே செய்யும் சி.வி. என்ற ரகத்தை எஞ்சின் தாங்கி, புஷ் முதலிய உறுப்புகளுக்குத் தேடி வாங்குகிறார்கள்.

ஆகவே, விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நீங்கள் எடுத்த பால் உலகமெங்கும் கோடிக்கணக்கான கார்களின் அடியில் உட்கார்ந்து குலுக்கலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாம் நம்முடைய காரில் இற்றுப்போன ரப்பரை வைத்துக்கொண்டு ஓடலாமா?

ரப்பரைக் கொல்லும் பகைவர்கள் மூவர். முதலாவது எண்ணெய். புஷ் கிறீச்சிட்டால் டீசலையோ பழைய எஞ்சின் எண்ணெயையோ ஊற்றுகிறவர்கள் நம்மில் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். ஆபீசில் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் ஊதிப் பெருத்து, இழுத்தால் அறுந்துபோகும். உங்கள் புஷ்ஷுக்கும் அதே கதிதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டுமானால் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் சிறிது நேரம் அடங்கினால் குற்றவாளி அதுதான். இரண்டாவது பகைவன் ஓசோன் என்னும் வாயு. காற்றில் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இழுபட்டு நிற்கும் ரப்பரில் குறுக்கே வெடிப்பு விழச் செய்வது அதுவே. மூன்றாவது வெப்பம். இம்மூன்றும் ஓட்டத்துக்குக் காத்திருப்பதில்லை. ஓடாமல் நிழலில் நின்ற காரிலும் ரப்பருக்கு வயதாகும். “கொஞ்சந்தான் ஓடியிருக்கு” என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு ஏமாறக் கூடாது.

இரும்புக்கும் பகைவர் உண்டு. உர மூட்டையைக் காரில் ஏற்றிக் கொட்டிய உப்பைக் கழுவாமல் விடுவதும், கட்டிப்பால் மூட்டையிலிருந்து வடியும் புளித்த நீர் அடித்தட்டில் தேங்குவதும் இரும்பை அரிக்கும். அப்படி ஏற்ற நேர்ந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவிவிடுங்கள்.

காதாலும் கண்ணாலும் பார்த்தல்

மரத்துக்குக் கிட்டே போனதும் பட்டையைப் பார்த்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார் நல்ல பால்மரத் தொழிலாளி. காரிலே அந்தப் பட்டை, டயர். நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவுங்கள். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் நேர்க்கோடு கெட்டிருக்கிறது. அதற்குக் காரணமாக ஏதோ ஓர் உறுப்பு தளர்ந்திருக்கலாம். இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அப்சார்பர் சோர்ந்திருக்கலாம். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பும் மறு திசையில் அரம் போலச் சுரசுரப்பும் இருந்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி ஓடுகின்றன என்று பொருள்.

பிறகு காது. மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது ‘கடக்’ என்றால் லிங்க், பால் ஜாயிண்ட், லோவர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வில் அதிர்வது போல ‘டொய்ங்’ என்றால் அப்சார்பரின் தலைத் தாங்கியைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கையும் பார்க்க வேண்டும், புஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

பிறகு கண். அப்சார்பரின் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. காரின் மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை உங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் துள்ளினால் அப்சார்பர் கெட்டது என்பது சரிதான். ஆனால் துள்ளவில்லை என்பதால் அது நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிக மோசமாகக் கெட்டதைத்தான் இந்தச் சோதனை காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பால் ஜாயிண்டையும் டை ராட் எண்டையும் மூடியிருக்கும் சிறிய ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறும். மழைநீரும் செம்மண்ணும் உள்ளே புகும். ஈரச் செம்மண் என்ன செய்யும்? சாணைக்கல்லில் கத்தியைத் தேய்ப்பது போலப் பந்தைத் தேய்க்கும். தார்ச் சாலைக் காருக்கு வருடக்கணக்கில் ஆகும் தேய்மானம், நம் சாலையில் மாதக்கணக்கில் முடிந்துவிடும். கிழிந்த உறை என்பது எச்சரிக்கை மணி. நான் கேட்கத் தவறிய மணி அதுதான்.

கையால் அசைத்துப் பார்த்தல்

இனி முக்கியமான சோதனை. இதற்குக் காரைத் தூக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வார்த்தை. ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காரின் அடியில் தலையை நீட்டக் கூடாது. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்புத் தாங்குகால் தனியாக இருக்கிறது. செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் முட்டுக் கொடுக்கிறார்கள். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். செம்மண் தரையில் ஜாக் புதையும். ஆகவே சமதரையில், கெட்டிப் பலகை போட்டு வைக்க வேண்டும். கைப் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடங்களில், அதாவது மேலும் கீழும், இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிகிறதா? இப்போது இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பெரும்பாலும் சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டைச் சந்தேகியுங்கள். பிறகு 9-உம் 3-உம் இருக்கும் இடங்களில், அதாவது இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்து மேலும் கீழும் இல்லாவிட்டால் டை ராட் பக்கம் தளர்ச்சி. ஒருவர் ஆட்டும்போது மற்றவர் டார்ச் அடித்து எந்த மூட்டில் அசைவு என்று பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒரு சிறு கடப்பாரையை லோவர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். புஷ்ஷின் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தாலும் பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் தெரிந்துவிடும். இந்தச் சோதனை முழுவதற்கும் அரை மணி நேரம் போதும்.

எதை முதலில் மாற்றுவது?

நம் மடியில் இருப்பது கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற நம்மால் முடியாது. ஆகவே உயிரை எடுக்கும் உறுப்பு எது, உடம்பை நோகடிக்கும் உறுப்பு எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பால் ஜாயிண்டும் டை ராட் எண்டும் முதல் வகை. கழன்றால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. இவற்றில் ஆட்டம் கண்டால் அந்தக் காரை மாற்றும் வரை ஓட்டக் கூடாது. “இன்னும் ஒரு சம்பளம் வரட்டும்” என்ற பேச்சே வேண்டாம். ஒரு பால் ஜாயிண்டுக்காகத் தள்ளிப்போட்ட நான், பிறகு ஆர்ம், அச்சு, மட்கார்டு, இழுவை லாரி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடன் வாங்கிக் கட்டினேன். சக்கர பேரிங்கும் முறிந்த சுருள் வில்லும் இதே வகையில் சேரும்.

லோவர் ஆர்ம் புஷ்ஷும் எண்ணெய் வழியும் அப்சார்பரும் இரண்டாம் வகை. உடனே கவிழ்க்காது, ஆனால் பிரேக் தூரத்தை நீட்டும், மழையில் வழுக்கும், புதிய டயரைத் தின்றுவிடும். இவற்றுக்கு ஒரு தேதி குறித்துப் பணம் சேருங்கள். லிங்க்கும் தலைத் தாங்கியும் மூன்றாம் வகை, சத்தம் போடுபவை. ஆனாலும் ஒன்றை மறவாதீர்கள். இவற்றின் சத்தம் இருக்கும் வரை, பால் ஜாயிண்டின் சத்தம் தனியே கேட்காது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கைத்தேர்ச்சி உள்ளவர்கள் டை ராட் எண்டையும் லிங்க்கையும் தாமே மாற்றலாம். சில கார்களில் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கும்; சிலவற்றில் ஆர்மோடு சேர்த்தே வாங்க வேண்டும். அப்சார்பரை இடமும் வலமும் சோடியாக மாற்றுங்கள். ஒரு காலுக்குச் செருப்பு, ஒரு காலுக்குப் பூட்ஸ் போட்டு ஓட முடியுமா? பந்து மூட்டின் நட்டில் குறுக்கே போடும் சிறு ஊசியை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். ஊசித்துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் சிறிது இறுக்கி நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கவே கூடாது.

பட்டறைகளிலும் தவறவிடும் ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். புஷ்ஷின் நடுவே ஒரு குழாயும் வெளியே ஒரு வளையமும் உண்டு; இரண்டையும் பிடித்துக்கொண்டு ரப்பர் நடுவில் இருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அந்த ரப்பர் முறுகிக் கொடுக்கிறது. கார் ஜாக்கில் தொங்கும்போது, ஆர்ம் கீழே விழுந்த நிலையிலேயே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர், பிழிந்த ஈரத் துணி மாதிரி, முறுகிய நிலையிலேயே நின்றுவிடும். பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் முறுகும். புத்தம் புதிய புஷ் விரைவில் கிழிந்துபோகும். பழி பொருளின் மேல் விழும். ஆகவே முதலில் பாதி இறுக்கி, கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கலைச் செய்ய வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துப் பட்டறையில் கேளுங்கள். உங்களை ஏமாற்ற எவரும் தயங்குவார்.

சுருள் வில்லை மட்டும் நாம் தொடக் கூடாது. அமுக்கி வைத்த அந்த வில்லுக்குள் பெரும் விசை அடங்கியிருக்கிறது. வில்லை அடக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றியவர் உயிரோடு விளையாடுகிறார். அது பட்டறை வேலை. புஷ்ஷை ஆர்மில் ஏற்றுவதும் அழுத்து இயந்திரம் உள்ளவர் வேலை. டை ராட், ஆர்ம், அப்சார்பர் மூன்றில் எதைத் தொட்டாலும் முடிவில் சக்கர அலைன்மெண்ட் பார்த்தே தீர வேண்டும்.

பழைய உறுப்புகளை வெட்டி விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். இரும்பை வாங்கலாம், ரப்பரையும் பந்து மூட்டையும் வாங்காதீர்கள். நம் கார் போலவே அதுவும் கிழடுதான். பட்டறைக்குப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். எந்த உறுப்பில் குறை என்று கையால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். உறுப்பு விலையும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீது கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் பட்டறைக்காரர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். அவரும் உழைப்பாளி, அவர் கூலியைப் பேரம் பேசிக் கெடுக்காதீர்கள்.

ஒரு பெட்டி, ஒரு புத்தகம்

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ உதவி உண்டு. அது நாம் பெற்ற நல்ல உரிமை, விடக் கூடாது. ஆனால் நஷ்ட ஈடு வருவது எலும்பு முறிந்த பிறகு. முறியாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

நம் கிளையில் கார் வைத்திருப்பவர்கள் பலர். தனித்தனியே எவராலும் நல்ல கருவி வாங்க முடியாது. சேர்ந்தால் முடியும். ஒரு நல்ல ஜாக், நான்கு இரும்புத் தாங்குகால், நட்டு இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று, ஒரு சிறு கடப்பாரை, ஒரு டார்ச் விளக்கு, இவ்வளவுதான். ஒரு பெட்டியில் போட்டுச் சங்க அறையில் வைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துக்கு முன்னுள்ள சிமெண்டுத் தரையில், ஒவ்வொரு காராகப் பார்ப்போம். கைப்பழக்கம் உள்ள தோழர்கள் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கட்டும். கிராணிமார்களாகிய நாங்கள் எழுதுகிறோம். எத்தனையோ வருடமாக முதலாளிக்குச் செக்ரோல் எழுதும் கை, நம் பிள்ளைகள் ஏறும் காருக்கு ஒரு பேரேடு எழுதக் கூடாதா? காருக்கு ஒரு பக்கம். தேதி, ஓடிய தூரம், கண்ட குறை, மாற்றிய உறுப்பு. குறை கண்டு மூன்று மாதம் ஆகியும் மாற்றாதவர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்போம். அவமானப்படுத்த அல்ல, பணம் இல்லாமல் தவிக்கிறார் என்றால் கைமாற்றுக் கொடுக்க.

தோட்டத்தில் வெகு காலமாகக் கிராணி ஒரு பக்கம், பால்மரத் தொழிலாளி ஒரு பக்கம் என்று ஒரு கோடு இருந்தது. அவர் சொன்னதை நான் கேட்காமல் போனதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம் என்று இன்று உணர்கிறேன். காரின் அடியில் படுத்துப் பார்த்தால் எல்லோர் சட்டையிலும் ஒரே கிரீஸ்தான் ஒட்டுகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் காராக என்னுடையதைக் கொண்டு வருகிறேன். அன்று கிழிந்த உறையை எனக்குக் காட்டிய தோழரே முதல் சக்கரத்தை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேரேட்டின் முதல் பக்கத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.